மைலோ டின்னுக்கு வயது எண்பத்து மூன்று

ஏழாங்கட்டைத் தோட்டத்து முனியாண்டிக்கு ஒரு நாள் கடிதம் வந்தது. பதிவுத் தபால். 'முனியாண்டி சாமி, பழைய ரப்பர் ஆலைக்குப் பின்புறம், புக்கிட் பெலண்டோக்' என்று முகவரி போட்டிருந்தது. தபால்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையெழுத்து கேட்டார். சாமி கையெழுத்துப் போடுகிற நிலையில் இல்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் ஊற்ற வந்திருந்த ஆறுமுகம் போட்டார். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்தக் கையெழுத்துதான் காரணம் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார்.

ஆறுமுகத்துக்கு அறுபத்து நாலு வயது. தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தார். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டபோது குலை அறுத்துத் தள்ளினார். செம்பனையும் போய், இப்போது செண்டாயானில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலை. உள்ளே வருகிறவர்களிடம் "பாஸ் இருக்கா?" என்று கேட்பதும், இல்லையென்றால் "முடியாதுலா" என்று சொல்வதும்தான் உத்தியோகம். ஆகவே சட்டதிட்டத்தின் மேல் அவருக்கு மரியாதை உண்டு.

கடிதத்தை எழுதியிருந்தது தொன்மை மெய்ப்பிப்பு வாரியம். தோட்டத்து நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. அறுபது வருடத்துக்கு மேல் வழிபாடு நடந்ததென்று வாரியம் சான்று கொடுத்தால் அந்தக் கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். கொடுக்காவிட்டால் அகற்றப்படும். வாய்மொழி, போட்டோ, கிழவர்களின் சத்தியம் எதுவும் செல்லாது. சாமியின் மேலிருக்கும் படிவை அதிகாரிகள் நேரில் வந்து எடுத்து, நவீன முறையில் சுட்டுப் பார்த்து வயதைச் சொல்வார்கள்.

படிவென்றால் முனியாண்டிக்குக் குறைவில்லை. சாமி இடுப்புயரக் கல். எண்ணெய், சாம்பிராணிப் புகை, சுருட்டுச் சாம்பல் எல்லாம் சேர்ந்து விரற்கடைத் தடிமனுக்குக் கறுப்பாகப் பொருக்கேறியிருந்தது. உச்சி வெயிலில் அது இளகும். பொட்டு வைக்கிற இடத்தில் ஒரு பெருவிரல் பள்ளம் இருந்தது. அது ராக்கம்மாவின் விரல்.

ராக்கம்மா ஆறுமுகத்தின் மனைவி. கல்யாணமாகி வந்த வாரத்தில் மாமியார் கையிலிருந்து எண்ணெய்ச் செம்பை வாங்கியவள், முப்பத்தைந்து வருடம் ஒரு வெள்ளிக்கிழமையையும் விடவில்லை. சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று நாள் ஊசியும் குழாயுமாகக் கிடந்தபோதும், வெள்ளியன்று மட்டும் புருசனின் மோட்டாரில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். போன புரட்டாசியில் செத்துப்போனாள். அவள் புடவைகளைப் பெண்பிள்ளைகள் பிரித்துக்கொண்டார்கள். ஆறுமுகத்துக்கு மிச்சமிருந்தது அந்தப் பெருவிரல் பள்ளம்தான். வெள்ளிக்கிழமைகளில் தன் விரலை அதில் வைத்துப் பார்ப்பார். அவர் விரல் பெரிது, முழுதாக நுழையாது.

கோயில் கமிட்டிக்குச் செயலாளர் வசந்தன். லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறவன், சுறுசுறுப்பானவன். கடிதத்தை இரண்டு முறை படித்தான். அதிகாரிகள் நேரில் வருகிறார்கள் என்ற வரி மட்டும் அவன் மனசில் தைத்தது.

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் துரை பார்வையிட வருகிறார் என்றால் தொழிலாளர் லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாக்கடை கழுவுவார்கள். பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவார்கள். துரை காரை விட்டு இறங்காமலே போய்விடுவார், அது வேறு விஷயம். துரை போனார், கிராணி போனார், கங்காணி போனார், தோட்டமே போனது. சுண்ணாம்பு அடிக்கும் புத்தி மட்டும் மூன்று தலைமுறையாக ரத்தத்தில் நிற்கிறது.

"அண்ணே, பெரிய ஆளுங்க வர்றாங்க. சாமி இப்பிடிக் கறுப்பா, பிசுக்குனு இருந்தா நம்மள பத்தி என்னா நெனப்பாங்க?" என்றான் வசந்தன். "ஞாயித்துக்கெழம கோத்தோங் ரோயோங் போடுவோம், எல்லாரும் கூடிச் சுத்தம் பண்ணிரலாம். பெயின்ட் நான் வாங்கியாறேன்."

ஆறுமுகம் தன் பெருவிரலைத் தடவிக்கொண்டார். "பொருக்க எடுத்துத்தான் ஆகணுமா?"

"அதுமேல பெயின்ட் ஒட்டாதுலா. நீங்கதான் எடுக்கணும். ஒங்க கைதான் கல்லுக்கு வலிக்காம எடுக்கும்."

அது புகழ்ச்சி. பட்டை கிழியாமல் மரம் வெட்டுவதில் ஏழாங்கட்டையில் ஆறுமுகத்தை அடிக்க ஆளில்லை என்று ஒரு காலத்தில் பேர். அந்தப் பேருக்காகவும், வருகிற அதிகாரிகள் கோயிலைக் காப்பாற்ற வேண்டுமே என்பதற்காகவும், ஞாயிற்றுக்கிழமை பழைய பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை சீவினார். பொருக்கு பட்டை பட்டையாக வந்தது. பெருவிரல் பள்ளத்தை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அதையும் சீவினபோது கண் மறைத்தது. வேர்வை என்று வசந்தனிடம் சொன்னார்.

சாமி மேலிருந்ததைக் குப்பையில் போட மனசு வருமா? பானப்பொடி தீர்ந்த ஒரு பெரிய மைலோ டின்னில் அள்ளிப் போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டுபோய் ராக்கம்மாவின் படத்துக்குக் கீழே வைத்தார்.

சாயங்காலத்துக்குள் முனியாண்டி நீல முகம், சிவந்த உதடு, முறுக்கு மீசை என்று பளபளவென்று நின்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான், ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பெயின்ட் அடித்த பதினோராம் நாள் அதிகாரிகள் இரண்டு வண்டியில் வந்தார்கள். வாரியத்தின் இயக்குநர் டாக்டர் பிரேமநாதன் கோட்டுப் போட்டிருந்தார். அவரோடு வெள்ளை அங்கியில் ஆய்வாளர் நிரஞ்சனா என்ற இளம்பெண். கமிட்டி மாலை போடப் போனது. டாக்டர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"எனக்கும் இந்தத் தோட்டத்துக்கும் தொடர்பு உண்டு. என்னுடைய அப்பப்பா கந்தையா இங்கேதான் இருபத்திரண்டு வருடம் கிராணியாக இருந்தவர். அவர் எழுதின கணக்குப் புத்தகங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒரு மண்வெட்டி தொலைந்தாலும் அதில் இருக்கும். இந்தக் கோயில் அதில் இல்லை." மாலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அவர் இந்தப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் பதிவில் இல்லாத ஒன்றை இருந்ததாகச் சொல்ல அறிவியலுக்கு அனுமதி இல்லை."

கூட்டம் கை தட்டியது. கோட்டுப் போட்டவர் மூச்சு வாங்கினால் கை தட்டுவதும் பழைய வழக்கம்தான்.

"எங்கள் முறை எளிமையானது. கடுகில் பாதியளவு படிவை எடுத்து, காற்றுப் புகாத சின்ன உலையில் அறுநூறு டிகிரியில் சுடுவோம். எரியாது, உடைந்து ஆவியாகும். ஆனால் பழைய எண்ணெயும் பிசினும் அமிலம் நிறைந்தவை. அமிலம் கருவியின் குழாயில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது, முரண்டு பிடிக்கும். ஆகவே சுடும்போதே ஒரு மருந்தைச் சேர்க்கிறோம். அது ஒவ்வோர் அமிலத்தின் தலையிலும் மெத்தில் என்ற சின்னத் தொப்பியைப் போட்டுவிடும். தொப்பி போட்டதும் அது ஒழுங்காக வரிசையில் வந்து தன் பெயரைச் சொல்லும். பொதுமக்களும் இப்படித்தான். ஃபாரம் நிரப்பாத மனிதன் குழாயில் ஒட்டிக்கொள்கிற அமிலம். நிரப்பினவன் வரிசையில் வருவான். எங்கள் வாரியம் மனிதர்களை அடக்குவதில்லை. தொப்பி மட்டும்தான் போடுகிறோம்."

மறுபடியும் கை தட்டினார்கள். ஆறுமுகம் மட்டும் தட்டவில்லை. அவர் அறுநூறு டிகிரியிலேயே நின்றுவிட்டார். சிரம்பானில் ராக்கம்மாவை மின்சாரத் தகன உலைக்குள் தள்ளியபோது எத்தனை டிகிரி என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

நிரஞ்சனா கையுறை மாட்டிக்கொண்டு சாமியின் தோளில் சின்னக் கத்தியை வைத்தாள். நீலமாகச் சுருண்டு வந்தது. அதைப் பார்த்தாள், சாமியைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற ஆறுமுகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், இந்த பெயின்ட் எப்ப அடிச்சீங்க?"

"போன வாரத்துக்கு மொத வாரம்மா. ஒங்களுக்காகத்தான்."

"எங்களுக்காகவா?"

"நீங்கெல்லாம் வர்றீங்கன்னுதான், சுத்தமா இருக்கட்டும்னு."

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பழைய பொருக்கு எங்கே என்று கேட்டாள். வீட்டில் மைலோ டின்னில் இருக்கிறது என்றார். அவள் டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் சிரித்தார்.

"படிவு பொருளின் மேல் இருக்க வேண்டும், எங்கள் அதிகாரி எடுக்க வேண்டும், விதி இரண்டு. டின்னில் இருப்பது டின்னின் படிவு. இன்றைக்கு டின்னை ஒத்துக்கொண்டால் நாளைக்கு வாளியைக் கொண்டுவருவார்கள்."

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. கண்டெடுக்கப்பட்ட பொருள்: எனாமல் பெயின்ட், நீலம். வழிபாட்டின் வயது: பதினோரு நாள். சமீப காலத்தில் தோன்றிய இப்புதிய வழிபாடு பாரம்பரியமாக மலர வாரியம் வாழ்த்துகிறது என்று கடைசியில் ஒரு வரி.

வசந்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "நாந்தான் அண்ணே கெடுத்தேன்" என்று அழுதான். ஆறுமுகம் அவனைத் தேற்றினார். கத்தி பிடித்த கை தன்னுடையது என்பதை அவர் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கையால் சோறு சாப்பிட என்னவோபோல் இருந்தது.

மேல்முறையீட்டுக்கு இடம் உண்டு. ஆறுமுகம் மைலோ டின்னைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரம்பானுக்கு பஸ் ஏறினார். ஒரு முறையில்லை, ஐந்து முறை. முதல் முறை, டின்னுக்குத் தனி விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை, விண்ணப்பத்தில் டின்னின் நிரந்தர முகவரி எழுதவில்லை என்றார்கள். வீட்டு முகவரியை எழுதினார். மூன்றாம் முறை, அப்படியென்றால் சமையலறைப் பொருளா வழிபாட்டுப் பொருளா என்பதற்குச் சத்தியப் பிரமாணம் கேட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே மனு கொடுத்துக் காத்திருந்தார்.

நான்காம் முறைதான் பெரிய சிக்கல். சுட்டுப் பார்த்தால் பொருள் அழியும், ஆகவே உரிமையாளரின் சம்மதம் தேவை.

"உரிமையாளர் யாரு?" என்று கவுண்டரில் கேட்டார்கள்.

"முனியாண்டி சாமிங்க."

"அவரோட அடையாள கார்டு, ஐசி நம்பர்?"

துணைக்கு வந்திருந்த வசந்தன், "சாமிக்கு ஏதுலா ஐசி?" என்றான்.

"பொறந்தது இங்கயா, வெளிநாடா? நிரந்தர வசிப்பிடமாவது இருக்கா?"

ஆறுமுகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இதே ஏழாங்கட்டை லயத்தில் பிறந்த ராக்கம்மாவுக்குக் குடியுரிமைக்கான நீல ஐசி வர நாற்பத்தாறு வயதாயிற்று. அதுவரை சிவப்பு ஐசியை வைத்துக்கொண்டு, தான் பிறந்த ஊரில் வெளியூர்க்காரியாக இருந்தாள். அவளிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதனால் அவர் பணிவாக, "மனு போட்டுருக்காருங்க, இன்னும் வரல" என்றார். கவுண்டரில் 'பரிசீலனையில்' என்று எழுதிக்கொண்டார்கள். சாமிக்கு ஆறுமுகம் பிரதிநிதி ஆனார்.

ஐந்தாம் முறை நிரஞ்சனாவே அவரைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்தாள். ஒரு பொருக்குத் துண்டைக் குறுக்காக வெட்டி, அடுக்கடுக்காகச் சுட்டிருந்தாள். திரையில் ஊசி ஊசியாகக் கோடுகள்.

"இது நல்லெண்ணெய், அங்கிள். இது சாம்பிராணி. இது சுருட்டு."

"மெசின் சரியாத்தான் சொல்லுது. எத்தன வருசம்னு சொல்லுதாமா?"

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். "மெஷின் என்ன இருக்குன்னுதான் சொல்லும். வருஷம் சொல்லாது. அதுக்கு சார் ஒரு டேபிள் வச்சிருக்கார், இத்தன அடுக்குக்கு இத்தன வருஷம்னு."

"டேபிள யாரு போட்டா?"

"சார்தான்." பிறகு ஒரு கோட்டில் விரல் வைத்தாள். "எனக்குப் புரியாதது இது ஒண்ணுதான். ரப்பர்ப் பால். அடி அடுக்குல இல்ல. மேல் அடுக்குலயும் இல்ல. நடுவுல மட்டும், ரொம்பக் கொஞ்சமா, ஆனா விடாம வந்துக்கிட்டே இருக்கு. சாமிக்கு ரப்பர்ப் பால் ஊத்துவீங்களா?"

ஆறுமுகம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஊத்த மாட்டோம்மா. அது எம் பொஞ்சாதி கை."

நிரஞ்சனாவுக்கு விளங்கவில்லை.

"எங்கம்மா கையக் கழுவிட்டுத்தான் எண்ணெ ஊத்தும். அதான் அடியில இல்ல. இவ வெள்ளிக்கெழம பால நிறுத்துக் குடுத்த ஒடனே, கையக் கழுவாம ஓடியாந்துருவா. சாமி மேல கைய வச்சு வச்சுத் தடவுவா. நான் திட்டுவேன், நாத்தம் புடிச்ச கையோட சாமியத் தொடாதடின்னு. வேல செஞ்ச கைதான, அவருக்குத் தெரியாதான்னுவா. அப்பறம் ரப்பர அழிச்சுட்டாங்க. செம்பன வந்துருச்சு. அதான் மேல இல்ல."

முப்பத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்தவளைப் பற்றி அந்தக் கருவி ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆறுமுகம் வாய்விட்டு அழுதார். நிரஞ்சனா கையுறையைக் கழற்றிவிட்டு அவர் தோளைத் தொட்டாள். அரசாங்கக் கட்டடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அறிக்கை வந்தது. எண்ணெய், பிசின், புகையிலை எல்லாம் முறைப்படி எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'மாசு' என்று ஒரு தலைப்பு. மாசு: ரப்பர், நடு அடுக்குகளில். டாக்டரின் டேபிள்படி வழிபாட்டின் வயது எண்பத்து மூன்று வருடம். வசந்தன் பட்டறையில் பட்டாசு வெடித்தான்.

இரண்டாம் பக்கத்தை அவன் படித்திருக்கவில்லை. சான்று வழங்கப்பட்டது டின்னுக்கு. கல்லின் வயது முந்தைய அறிக்கைப்படி பதினோரு நாளாகவே நீடிக்கிறது. ஒரே விஷயத்தில் இரண்டு முறை முடிவெடுக்க வாரியத்துக்கு அதிகாரமில்லை. பாரம்பரியம் டின்னில் இருப்பதால் டின் பாதுகாக்கப்படும். கல் அகற்றப்படலாம்.

வாரியத்தின் காட்சிக்கூடத்தில் விழா வைத்தார்கள். ஆறுமுகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். டாக்டர் பிரேமநாதன் உருக்கமாகப் பேசினார். "இந்த மக்களின் எண்பத்து மூன்று வருட நம்பிக்கை இன்றைக்குத்தான் பாதுகாப்பான இடத்துக்கு வந்திருக்கிறது. இனி இதன் மேல் மழை படாது, தூசு படாது, யார் கையும் படாது."

ஆறுமுகம் பொன்னாடையோடு எழுந்து நின்றார். "டாக்டர், டின்ன நான் வீட்டுக்குக் கொண்டுபோலாங்களா?"

"மிஸ்டர் ஆறுமுகம், இனிமேல் இது உங்களுடையது இல்லை, எல்லாருடையதும்." எல்லாரும் கை தட்டினார்கள்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை, ஆறுமுகம் தொழிற்சாலை வாசலில் ஒரு லாரிக்காரனிடம் பாஸ் கேட்டுக்கொண்டிருந்தபோது வசந்தன் போன் அடித்தான். எக்ஸ்கவேட்டர் வந்து போய்விட்டது. கல் இரண்டாக உடைந்து, ரோட்டுக்கு நிரப்பும் மண்ணோடு போய்விட்டது. நீலத்தில் ஒரு சில்லு மட்டும் கிடைத்தது என்றான். ஆறுமுகம் சரி என்று போனை வைத்தார். லாரிக்காரன் பாஸை நீட்டிக்கொண்டே நின்றான். அவர் அதை வாங்கிப் பார்க்காமலே தடுப்பை உயர்த்திவிட்டார். அவருடைய உத்தியோகத்தில் அது முதல் தவறு.

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, எண்ணெய்ப் போத்தலோடு சிரம்பான் போனார். காட்சிக்கூட வாசலில் நேப்பாளத்து செக்யூரிட்டி ஒருவன் போத்தலைக் காட்டித் தலையை ஆட்டினான். மலாயில் பணிவாகத்தான் சொன்னான். ஆறுமுகம் சண்டை போடவில்லை. தானும் அந்த இடத்தில் நின்றால் அதைத்தான் சொல்லியிருப்பார். போத்தலைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள், சின்ன விளக்கு வெளிச்சத்தில், பச்சை மைலோ டின் இருந்தது. மூடியில் அரக்கு முத்திரை. மணம் வெளியே வரவில்லை. அவர் பெருவிரலைக் கண்ணாடியில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்த டின்னுக்குள் எந்தத் துண்டில் அவளுடைய விரல் இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். கடைசியாகப் போட்டது அதைத்தான். மூடியைத் திறந்தால் மேலேயே இருக்கும்.

செக்யூரிட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "வேணாம் தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். "அவ நின்னுக்கிட்டேதான் ஊத்துவா."

வெளியே போகும்முன் வருகையாளர் ஃபாரம் நிரப்ப வேண்டும் என்று கவுண்டரில் ஒரு பெண் காகிதத்தை நீட்டினாள். பெயர், ஐசி நம்பர், வந்த நேரம் எல்லாம் எழுதினார். அடுத்தது, 'காட்சிப்பொருளுக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு.' அதற்கு மூன்று கட்டம் இருந்தது. ஆய்வாளர், மாணவர், பொதுமக்கள்.

"பொதுமக்கள்ல டிக் போடுங்க, அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

ஆறுமுகம் மூன்றையும் ஒரு முறை படித்தார். எதிலும் டிக் போடவில்லை. கீழே வெறுமையாக இருந்த இடத்தில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த கொட்டை எழுத்தில், 'புருசன்' என்று எழுதினார். பிறகு டோக்கனைக் கொடுத்து எண்ணெய்ப் போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.